மூன்று ஊர்களில் எனக்கு நிச்சயமான பெண்

சோம்பேறிகளுக்கு மூளை அதிகம் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். (நம்புவதற்கும் உழைப்பு தேவையில்லை, பாருங்கள்.) அந்த நம்பிக்கை என் நிச்சயதார்த்தத்தன்று காலை பத்தரை மணிக்குப் போனது.

அப்போது எனக்குத் தாம்பரத்தில் வேலை. மிச்ச நேரத்தில் எழுத்தாளர். வாசலில் இலவசமாக வீசிவிட்டுப் போவார்களே, முக்கால்வாசி மனை விற்பனை விளம்பரமும் கால்வாசி செய்தியுமாக ஒரு ஏரியா வாரப் பத்திரிகை, அப்படி ஒரு குரோம்பேட்டைப் பத்திரிகைக்கு வாரம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கோ 'சிண்டிகேஷன்' பற்றிப் படித்தேன். ஒரே கட்டுரையைப் பல பத்திரிகைகளுக்குக் கொடுப்பது. எழுதுவது ஒரு தடவை, அச்சாவது பல தடவை. ஆஹா, இது என் தொழில் என்று துள்ளினேன். எல்லாப் பத்திரிகைகளுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற வரிக்குப் போவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

மேடவாக்கத்தில் ஒரு பத்திரிகையையும் முடிச்சூரில் ஒன்றையும் பிடித்தேன். இரண்டு ஆசிரியர்களும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே கேட்டார்கள். "சார், நம்ம ஏரியா வாசனை வேணும்."

ஊர்ப் பெயரை மாற்றினால் வாசனை வந்துவிட்டுப் போகிறது. குரோம்பேட்டைக் கொசுவைப் பற்றி எழுதியது மேடவாக்கத்துக்கும் போனது, முடிச்சூருக்கும் போனது. இது எங்கள் கொசு இல்லை என்று எந்த ஊர்க்காரரும் சொல்லவில்லை.

பிறகு குரோம்பேட்டைக்கே பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் நித்யா. எங்களைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் ஆறு கேள்விகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பால் காய்ச்சத் தெரியுமா?"

"தெரியுமே."

"பொங்காம?"

அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்: 'எனக்குப் பெண் கிடைத்த ஊர் குரோம்பேட்டை'. எழுதி முடித்த சூட்டோடு, கை பழகிய பழக்கத்தில், குரோம்பேட்டையை மேடவாக்கமாக்கி ஒன்று, முடிச்சூராக்கி ஒன்று, என் போட்டோவோடு அனுப்பிவைத்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று போனால், நித்யாவின் அப்பா குரோம்பேட்டைப் பத்திரிகையை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தார். வந்தவர்களை அதன் முன்னால் நிறுத்திப் படிக்கவைத்த பிறகுதான் காபி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது நித்யாவின் சித்தி மேடவாக்கத்திலிருந்து வந்து, கைப்பையிலிருந்து அவர் ஊர்ப் பத்திரிகையை எடுத்தார்.

"மாமா, மாப்பிள்ளைக்கு எங்க ஏரியாவுலயும் ஒரு பொண்ணு ஓகே ஆகியிருக்கு போல. உங்களுக்குத் தெரியுமா?"

மாமா கண்ணாடியைத் தேடுவதற்குள் முடிச்சூர்ப் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றைப் பிரித்தார்.

"இன்னாபா இது. எங்கூர்லயும் ஒரு வூட்ல கை நனச்சிட்டு வந்துகீறாரு."

(சம்பந்தம் பேசி முடித்த வீட்டில்தான் சாப்பிடக் கை நனைப்பது வழக்கம். என் கணக்கில் மூன்று வீடு.)

நான் சிண்டிகேஷன் என்றால் என்னவென்று விளக்க ஆரம்பித்தேன். "ஒரே சரக்குதான் மாமா, மூணு எடத்துக்குக் குடுப்போம்" என்றேன். அவர் தாம்பூலத் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். என் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், நித்யா நமக்கு இல்லை என்று நினைத்தேன்.

நித்யா உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு தாள்களையும் வாங்கி, சுவரில் இருந்ததோடு ஒப்பிட்டு நிதானமாகப் படித்தாள்.

"அப்பா, மூணு பொண்ணும் பால் பொங்காம காய்ச்சத் தெரியுமான்னுதான் கேட்டிருக்கா. மூணும் நான்தாம்பா. இவருக்கு வேற எழுதச் சோம்பேறித்தனம்."

"சோம்பேறியா?" அவர் சற்று யோசித்தார். "அது பரவால்ல." தட்டு பழைய இடத்துக்கே வந்தது.

சிண்டிகேஷன் நல்ல தொழில்தான். வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களாக இல்லாதவரை.

மாமனார் மற்ற இரண்டையும் லேமினேட் செய்துவிட்டார். இன்றும் மூன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. புதிதாக யார் வந்தாலும் அவற்றின் முன்னால் நிறுத்தி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்: "மாப்பிள்ளைக்கு மூணு ஊர்ல பொண்டாட்டி. மூணு பேருக்கும் நான்தான் அப்பா."

அதற்குப் பிறகுதான் காபி. நாங்கள் போயிருக்கும் நாட்களில் அதற்குப் பால் காய்ச்சுவது என் வேலை. பாதி பொங்கிப் போய்விடுகிறது.