குருவி மார்க்கெட்டில் இருக்கிறது

மொட்டைமாடியில் இருபதடி உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். கம்பம் என்றால் சும்மா கம்பம் இல்லை. உச்சியில் ஆன்டெனா. அதிலிருந்து ஒயர் இறங்கிப் பின்னறைக்கு வரும். பின்னறையில் ஒரு பெரிய வயர்லெஸ் செட். அதன் முன்னால் காதில் ஹெட்போனோடு அவர். கடல் தாண்டிக்கூடப் பேசலாம். யாரோடு பேசுவது, என்ன பேசுவது என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை. அதெல்லாம் கம்பம் நட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். பகலெல்லாம் ஊர் ஜனங்களை மேலே ஏற்றிவிடுகிற மனிதர், சொந்த மாடியில் ஒரு கம்பத்தை ஏற்ற முடியாமல் எட்டு மாதமாகத் தவித்தார். ஏனென்றால் மாடி அவருடையது இல்லை. பத்திரத்தில் அவர் பெயர்தான். ஆனால் மாடி முழுக்க மனைவியின் துணிக்கொடிகள். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் திரைச்சீலை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அந்த அம்மாளின் தொழில்.

"ஒரே ஒரு கம்பம்தான்மா."

"கம்பம் ஒண்ணு. அதை இழுத்துக் கட்ட நாலு பக்கமும் கம்பி. என் கொடி எங்க போகும்?"

"வேற எங்கயாவது கட்டிக்கலாமே."

"எங்க? உங்க ரெண்டு காதுலயும் கட்டவா?"

விளையாட்டில்லை, அவருக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. ஊரில் வயர்லெஸ் பிரியர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. மொத்தம் பதினொரு பேர். தலைவர், கடைத்தெரு மருந்துக்கடைக்காரர். பத்துப் பேர் வீட்டிலும் கம்பம் இருந்தது. லைசென்ஸ் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதிப் பாஸான இவர் வீட்டில் மட்டும் இல்லை. கூட்டத்தில் இவர் வாயைத் திறந்தால், "கம்பம் வந்ததும் பேசலாம், உட்காருங்க" என்றார்கள். சங்கத்துக்குச் சொந்தமான ஒரு பழைய கம்பம் மருந்துக்கடைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. "இந்த மாசத்துக்குள்ள எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று தலைவர் சொல்லிவிட்டார். மாசம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

கம்பம் வருகிறவரைக்கும் கைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று லைசென்ஸ் தேவைப்படாத சின்ன வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கினார். வாங்கினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதைத் தேர்ந்தெடுக்கவே மனிதருக்கு அதற்கு முன்னால் ஆறு வாரம் ஆகியிருந்தது. நாற்பது வீடியோ பார்த்தார். மஞ்சள் செட்டில் பேட்டரி நன்றாக நிற்கும், சத்தம் கரகரக்கும். கறுப்பு செட்டில் சத்தம் சுத்தம், பெல்ட்டில் மாட்டுகிற கொக்கி உடையும். கடைக்குப் போய் இரண்டையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கடைக்காரர் மதியம் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் நின்றிருந்தார். கடைசியில் கறுப்பு.

பெட்டியைப் பிரித்ததும் மனைவி முதலில் படித்தது பெட்டியின் மேலிருந்ததை.

"என்னங்க, பத்து கிலோமீட்டர் கேக்கும்னு போட்டிருக்கே! அப்புறம் கம்பம் எதுக்கு?"

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை.

"அது... அது நடுக்கடல்ல. நடுவுல வீடு வாசல் எதுவும் இல்லாம இருந்தா."

"சரி, பத்து வேண்டாம். மார்க்கெட் மூணு கிலோமீட்டர். நான் ஒண்ணை எடுத்துட்டு அங்க போறேன். அங்கேருந்து நான் பேசறது உங்களுக்குக் கேட்டா, கம்பம்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. கேக்கலேன்னா, கொடியை நானே என் கையால அவுத்துடறேன். சம்மதமா?"

சம்மதமாவது! மனிதர் குதிக்காத குறை. மூன்று கிலோமீட்டர் கான்கிரீட்டைத் தாண்டி இந்தச் சின்ன டப்பா பேசுவது சந்தேகம்தான். ஆனால் சந்தேகம் போதாது, நிச்சயம் வேண்டும். அதனால் சோதனை நாள் காலையில் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய செட்டை எடுத்தார். பக்கவாட்டுப் பட்டனை மூன்று விநாடி அழுத்தினார். திரையின் மூலையில் குட்டியாக இருந்த ஹெச் என்ற எழுத்து போய் எல் வந்தது. அதாவது முழு சக்தி போய்க் குறைந்த சக்தி. இனி இரண்டாவது தெருவைத் தாண்டினால் அவள் குரல் தானாகத் தேய்ந்துவிடும். தப்புதான். அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

பிறகு ஒன்றும் தெரியாதவர்போலப் பாடம் நடத்தினார்.

"ரெண்டுமே அஞ்சாம் சேனல். நான் கழுகு, நீ குருவி."

"நான் மட்டும் ஏன் குருவி?"

"கழுகு ஏற்கெனவே எடுத்தாச்சு. பட்டனை அமுக்கிட்டுப் பேசணும், விட்டாத்தான் எதிராளி பேசறது கேக்கும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசவே முடியாது."

"அடடா! இதைக் கல்யாணத்தன்னிக்கே வாங்கியிருக்கலாமே. நான்தான் முதல்ல அமுக்கியிருப்பேன்."

"பேசி முடிச்சதும் ஓவர் சொல்லணும்."

"நான் என்னிக்குப் பேசி முடிச்சிருக்கேன்?"

பையை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, லிஃப்ட்காரர் பின்னறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நோட்டைத் திறந்து கோடு போட்டு நேரம், இடம், சத்தம் என்று எழுதினார்.

"குருவி பேசறேன். தையக்கடைகிட்ட வந்துட்டேன். ஓவர்."

"கழுகு. நல்லா கேக்குது. ஓவர்."

"குருவி. ரெண்டாவது தெரு..." அதற்குமேல் கரகர. ஒரு சொல் வந்தது, இரண்டு சொல் போனது. அப்புறம் கரகரகூட இல்லை. "குருவி, ஒண்ணும் கேக்கலை. ஓவர்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். லிஃப்ட்காரர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். மனசுக்குள் கம்பம் எழுந்து நின்றது. கால் மணி நேரம் ஆனந்தமாகக் கழிந்தது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்றுகூடப் பாவமாக இருந்தது.

"குருவி பேசறேன். பாலத்துமேல நிக்கறேன். கேக்குதா? ஓவர்."

மணி அடித்த மாதிரி கேட்டது!

அவர் செட்டைத் திருப்பிப் பார்த்தார். குலுக்கினார். பாலம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர். இரண்டாவது தெருவில் செத்துப்போன குரல் பாலத்தில் எப்படிப் பிழைத்தது?

"எந்தப் பாலம்? ஓவர்."

"ஊர்ல எத்தனை பாலம் இருக்கு? ஓவர்."

நியாயம்தான். எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து பஸ் ஸ்டாண்ட். இன்னும் தெளிவு. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தூரம் கூடக் கூடச் சத்தம் குறையும் என்றுதான் நாற்பது வீடியோவிலும் சொன்னார்கள். ஒருத்தன்கூடக் கூடும் என்று சொல்லவில்லை. லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இதில் இன்னொரு குழப்பம். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இரண்டு தடவை கேட்டது. செட்டிலிருந்து ஒன்று, ஜன்னல் பக்கமாக இன்னொன்று.

"குருவி, உன் குரல் எதிரொலிக்குது. ஓவர்."

"பஸ் ஸ்டாண்ட்ல கூரை உசரம். ஓவர்."

"படார் படார்னு என்ன சத்தம்? ஓவர்."

"மூட்டை இறக்கறாங்க. ஓவர்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. எட்டிப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் மேகமே இல்லை. ஆனால் தண்ணீர் விழுகிறது.

"குருவி, அங்க மழையா? ஓவர்."

"இங்க நல்ல வெயில். ஓவர்."

"இங்க ஜன்னல் ஓரமா மட்டும் பெய்யுது. ஓவர்."

படார் சத்தம் சட்டென்று நின்றது. "தலையை உள்ள இழுத்துக்குங்க. சளி பிடிச்சுக்கும். ஓவர்."

நோட்டில் எழுதினார்: வெயிலோடு உள்ளூர் மழை. காற்றில் ஈரம் கூடினால் அலை தூரம் போகிறது போலும். ஆராய வேண்டும்.

"குருவி பேசறேன். மார்க்கெட் வாசல். என்னங்க, கேக்குதா?"

கேட்டது. கணீரென்று கேட்டது. கம்பம் போயிற்றே என்று ஒரு கணம் நோட்டை மூடினார். மறுகணம் அவருக்குள் வேறொரு எண்ணம் துள்ளியது. முழு சக்தியில் மூன்று கிலோமீட்டர் என்றால் ஏதோ அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இது குறைந்த சக்தி! அதுவும் கம்பம் இல்லாமல்! சங்கத்தின் சாதனை நோட்டில் இப்படி ஒன்று இருக்கிறதா? இல்லவே இல்லை. கம்பம் வைத்திருக்கிற பத்துப் பேரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் முடியாது. உடனே போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டார்.

சாதனை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவர் ஓடி வந்தார்.

"எல்லுலயா? நிச்சயமா எல்லுலயா?"

"நானே மாத்தினேன் அண்ணே. அவளுக்கே தெரியாது."

"ஏன் மாத்தினீங்க?"

"ஒரு... ஒரு ஆராய்ச்சிக்கு."

தலைவர் தாமே செட்டை வாங்கி, "குருவி, எங்க இருக்கீங்கம்மா? ஓவர்" என்றார்.

"குருவி மார்க்கெட்ல இருக்கு. ஓவர்."

தலைவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ரெண்டு வழியா வருது பாருங்க. ஒண்ணு நேரா. இன்னொண்ணு மேலேருந்து. வானத்துல பட்டுத் திரும்பி இறங்குது. இருபத்தேழு வருஷத்துல நான் இப்படிக் கேட்டதே இல்லை" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கொட்டை எழுத்தில் நோட்டில் எழுதினார்: கம்பமின்றி, குறைந்த சக்தியில், மூன்று கிலோமீட்டர். கீழே லிஃப்ட்காரரின் கையெழுத்து, பக்கத்தில் தம் கையெழுத்து, மேலே சங்கத்தின் முத்திரை.

"உங்களுக்கு எதுக்கய்யா கம்பம்? அது எங்களை மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு. அந்தப் பழசை நான் வேற ஆளுக்குக் குடுத்துடறேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தார். அதற்குள் கொல்லைப்பக்கப் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். தோளில் மடித்த திரைச்சீலைகள், இடுப்பில் வாக்கி டாக்கி.

அவர் அவளைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். ஜன்னலோரம் ஈரத்தைப் பார்த்தார்.

"நீ... மார்க்கெட்ல இருந்து எப்ப வந்தே?"

"போனாத்தானே வர்றதுக்கு?"

"அடிப்பாவி! மாடியிலயா இருந்தே? என்னை ஏமாத்திட்டியே!"

"ரெண்டாவது தெருவுல உங்க குரல் கேட்டுது. என் குரல் உங்களுக்குப் போகலேன்னு புரிஞ்சுது. செட்டைப் பார்த்தேன், எல்லுன்னு இருந்துது. நேத்து இஸ்திரி போட்டுட்டே அந்தக் குறிப்புப் புத்தகம் முழுக்கப் படிச்சேன். ராத்திரி ஹெச்சா இருந்தது காலையில எல் ஆயிடுச்சு. வீட்ல பேய் இருக்கா, புருஷன் இருக்காரான்னு யோசிச்சேன். நீங்க ஏமாத்தற வேலையை வீட்டுக்குள்ள உட்கார்ந்து செய்யும்போது, நான் மட்டும் எதுக்கு வெயில்ல நடக்கணும்? பின்பக்கமா வந்து மாடியேறித் துணியை அலசி, உதறி, கொடியில போட்டேன்."

"இரு, இப்பவே தலைவர்கிட்ட உண்மையைச் சொல்றேன்!"

"தாராளமா சொல்லுங்க. பெண்டாட்டி செட்டைத் திருட்டுத்தனமா மாத்தினேன், அவ தலைக்கு மேல நின்னது தெரியாம மூணு கிலோமீட்டர்னு கையெழுத்துப் போட்டேன், உங்களையும் போட வச்சேன்னு சொல்லுங்க. நான் வேணா போன் போட்டுத் தரட்டுமா?"

லிஃப்ட்காரர் கையில் எடுத்த போனைத் திரும்ப மேசைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தலைவர்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலையில சங்கத்துல அத்தனை பேரும் உங்க வீட்டுக்கு வர்றோம். அதே செட், அதே எல், அதே மார்க்கெட். இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மனிதர் போனை வைத்தார். அறையை மூன்று சுற்று சுற்றினார். செட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை.

"ஏம்மா... ஞாயித்துக்கிழமை கொஞ்சம்... மார்க்கெட்டுக்குப் போவியா?"

"எந்த மார்க்கெட்டுக்கு?"

"அதான்... மேல இருக்கிற மார்க்கெட்டுக்கு."

அவள் திரைச்சீலையை மேசைமேல் வைத்து நிதானமாக நீவினாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போகலாம். ஆனா புதுசா ரெண்டு ஆஸ்பத்திரி ஆர்டர் வந்திருக்கு. மேல இடம் பத்தலை."

சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் ஆசைப்பட்டபடியே மொட்டைமாடியில் கம்பம் நட்டார். ஒன்றுக்கு இரண்டாக, நடுவில் ஆறு கொடி கட்டுவதற்குத் தோதாக.