மாப்பிள்ளை வண்டிக்கு மாமனார் போட்ட பாலிஷ்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வண்டி சுகமா என்று நீங்கள் கேட்கும் முன்னால், அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம் என்று தெரிவித்துக்கொள்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போனில் சொல்லத்தான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் நீங்கள், "அத்தைகிட்ட குடுங்க மாமா" என்றீர்கள், நானும் கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் தப்பில்லை. போன வருஷம் நாம் எல்லோரும் போகும்போது நடுரோட்டில் உங்கள் அப்பா விட்டுப்போன இந்தக் கார் நின்றுபோய், இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தோமே, அன்றைக்கு நான் அத்தனை பேர் முன்னால், "செத்தவரோட வண்டியை எத்தனை நாள் கட்டி இழுப்பீங்க, பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று சொன்னேன். நீங்கள் பானட்டை மெதுவாக மூடினீர்கள். அறைந்து மூடியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிக்கிறீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள், கிளம்பிவிடுகிறீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்தோரு வருஷம் பிறத்தியார் வாய்க்கே வேலை செய்தவனுக்குத் தன் வாய் உதவவில்லை. ஆறு மாத வேலையாக வெளியூர் போகும்போது, நிழலில் நிறுத்த வேறு இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் வண்டியை எங்கள் ஷெட்டில் விட்டுச் சாவியை என் கையில் கொடுத்ததும், வாயால் முடியாததைக் கையால் சரிசெய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வண்டியைப் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்துவிட்டால், வந்து பார்த்ததும் உங்கள் மனசு இறங்கிவிடும் என்று நினைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வண்டிக்கு வேண்டிய மருந்து மாயம் விற்கும் கடை ஒன்று பெரிய சாலையில் இருக்கிறது. கல்லாவில் என் மகள் வயசுப் பெண் ஒருத்தி. மெஷின் பாலிஷ் போட வேண்டும், எல்லாம் எடுத்து வை என்றேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான், "சார், இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து எத்தனை ஆயிரம் பல்செட் செய்திருப்பேன், நனைத்த கல்பொடியைத் தொட்டுத் துணிச் சக்கரத்தில் வைத்து எத்தனை ஆயிரம் தாடைகளைப் பளபளக்கவைத்திருப்பேன், இவள் என்னைக் கற்றுக்குட்டி ஆக்குகிறாளே என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் இரண்டு மெஷின் காட்டினாள். ஒன்று ஆடிக்கொண்டே சுற்றும், புதியவர்கள் கையில் கொடுத்தாலும் பெயிண்ட்டைக் கடிக்காது. இன்னொன்று ஒரே இடத்தில் நின்று சுற்றும், கை பழகினவர்களுக்கு மட்டும். நான் எதை வாங்கியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு மெஷினில் மாட்டும் பஞ்சு வட்டுகள். கருப்பு மெத்து, ஆரஞ்சு கொஞ்சம் கெட்டி, கடைசியில் கம்பளி. மெத்தென்றிருந்த கருப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் குழந்தைக்குப் பவுடர்தான் போடலாம் என்று சொல்லி, கம்பளியைக் கேட்டேன். பாலிஷ் மருந்திலும் நறநறவென்று இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். பல்செட்டில் முதலில் கரடு, பிறகு மென்மை, அதுதான் முறை. அந்தப் பெண் ஒரு காகித டேப்பை எடுத்து நீட்டி, வண்டியில் மேடான கோடுகள் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இதை ஒட்டிக்கொள்ளுங்கள், அந்த இடங்களில் பெயிண்ட் மெல்லிசு என்றாள். முதலில் ஓரமாக ஒரு சாண் இடத்தில் போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். "நான் யாரோட வாயிலயும் டேப் ஒட்டிட்டுப் பல் தேய்ச்சது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் என் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

மாப்பிள்ளை, பல்செட் ஒரே பொருள். மேலே என்ன நிறமோ உள்ளேயும் அதே நிறம், எவ்வளவு தேய்த்தாலும் தேயுமே தவிரக் காட்டிக்கொடுக்காது. வண்டி அப்படி இல்லை. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, தலைமுடியைவிட மெல்லிசு, அதற்குக் கீழே கருப்பு, அதற்குக் கீழே சாம்பல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உங்கள் பானட்டில் மெஷினை அழுத்தித் தெரிந்துகொண்டேன். கல்பொடியைக் கூழாகப் போட்ட பழக்கத்தில் மருந்தையும் கூழாகப் போட்டேன். மெஷினை ஓட விட்டதும் அது என்னை ஒரு பக்கம் இழுத்தது, மருந்து மறுபக்கம் பறந்தது. கொடியில் கிடந்த போர்வை, சுவர், உங்கள் அத்தை, என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் அப்பிவிட்டது. கண்ணாடியை வேட்டியால் துடைத்தேன், நறநற மருந்தாயிற்றே, அன்றோடு கண்ணாடி பனி மூடிப்போய்விட்டது. நான் விடவில்லை. பத்து நிமிஷத்தில் பானட்டில் என் பல் தெரிந்தது. என் பல் என்றால் நானே செய்தது, எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று அழுத்தினேன். மேட்டுக் கோட்டில் வெளிறிப் போய் ஏதோ தெரிந்தது. மருந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அதன் மேலேயே மெஷினை வைத்தேன், அது அகலமானது. அத்தை வந்து குனிந்து பார்த்து, "ஏங்க, உள்பாவாடை தெரியுது" என்றாள். இரண்டு முன்பல் அகலத்துக்குச் சாம்பல் தெரிந்தது, ஈறு தேய்ந்து வேர் தெரிகிற மாதிரி.

பதறிப்போய் அந்த இடத்தில் கருப்பு ஷூ பாலிஷைத் தடவினேன். நன்றாகத்தான் பொருந்தியது. மாடி வீட்டு வெள்ளைப் பூனை மத்தியானம் வந்து இதமாக அதன் மேல் படுத்து எழுந்து போக, அந்த வீட்டு அம்மாள் கருப்பு வயிற்றோடு பூனையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து என்னிடம் விளக்கம் கேட்டதும், ஊரை ஏமாற்றலாம் பூனையை ஏமாற்ற முடியாது என்று புரிந்தது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "டேப் ஒட்டினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினேன். ஆடிக்கொண்டே சுற்றும் மெஷினையும், குழந்தைக்குப் பவுடர் போடும் கருப்புப் பஞ்சையும், நல்ல மெல்லிய துணிகள் ஆறும், கருப்பு வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு பாட்டிலும் எடுத்து வைத்தாள். பாட்டிலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு நின்று கேட்க முகம் இல்லை. பாட்டிலின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, படிக்கலாம் என்றால் கண்ணாடி பனி மூடிக் கிடந்தது.

ஆனால் அந்தப் பாட்டில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். டேப் ஒட்டினேன். பட்டாணி அளவு நாலே சொட்டு வைத்தேன். அழுத்தாமல், வாயில் புதிதாகப் பல்செட் மாட்டிக்கொண்டவர் சாப்பிடுகிற மாதிரி மெள்ள மெள்ளப் போனேன். டிரைவர் பக்கத்துக் கதவு, தண்ணீரில் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. சாவித் துவாரத்துக்குக் கீழே பதினெட்டு வருஷமாக அரை வட்டமாக ஒரு கீறல் கூட்டம் இருந்ததே, என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததே, அது இருந்த இடம் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பானட்டை ஒதுக்கிக் கதவை மட்டும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன். 

"அப்பா, கதவுல இருந்த கீறல் எங்கப்பா?"

"போயே போச்சு," என்றேன்.

"அது மாமாவோட சாவிக்கொத்து ஆடி ஆடிப் பட்ட கீறல்பா. இவரு வண்டில ஏறும்போதெல்லாம் அதைக் கட்டைவிரலால தொட்டுட்டுத்தான் ஏறுவாரு. நீங்க பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன் மாப்பிள்ளை. இருபது தடவையாவது பார்த்திருப்பேன். தூசி துடைக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் அப்பா கிடங்குக் காப்பாளராக இருந்தவர், முப்பது சாவியும் ஒரே வளையத்தில்தான் போட்டிருப்பார், கதவைத் திறக்கும்போது மீதி இருபத்தொன்பதும் கீழே ஊஞ்சலாடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் சம்பந்தி வந்துவிட்டார் என்று நான் எழுந்து சட்டை போடுவேன். சத்தம் ஞாபகம் இருந்தது, அது எங்கே போய்ப் பட்டது என்று யோசிக்கவில்லை.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பல்செட் செய்தவன் நானே. நம் சம்பந்தியாயிற்றே என்று வரிசை பிசகாமல் முத்துக் கோத்த மாதிரி செய்து கொண்டுபோனேன். போட்டுப் பார்த்தார், கழற்றி என் கையில் கொடுத்தார். "என் பல்லு கோணலாத்தான் இருந்துச்சு. அப்படியே வெச்சுக் குடுங்க. இல்லன்னா வீட்டுல என்னை யாருன்னு கேப்பாங்க" என்றார். நான் திரும்பப் பட்டறைக்குப் போய், அவருடைய பழைய போட்டோ ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, இடது கோரைப்பல்லைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துக் கொடுத்தேன். கடைசிவரை அந்தக் கோணல் பல்லோடுதான் சிரித்தார். பல்லில் தெரிந்த விஷயம் எனக்குக் கதவில் தெரியாமல் போயிற்று.

நேற்று இன்னொரு கிறுக்குத்தனமும் செய்யப் பார்த்தேன். வீட்டிலுள்ள சாவியை எல்லாம், பீரோ, பூட்டு, தொலைந்துபோன பெட்டியின் சாவி உட்பட, உங்கள் வண்டிச் சாவியோடு ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் ஆட்டினால் அதே மாதிரி கீறிவிடலாம், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அச்சு எடுத்து அப்படியே செய்வது என் தொழில்தானே. சாவியைத் துவாரத்தில் வைத்தேன். திருப்ப மனசு வரவில்லை. எத்தனை அழகாகச் செய்தாலும் பல்செட் பல்செட்தான், பல் ஆகாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். கொத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அத்தை கேட்டதற்குப் பீரோவைத் திறக்கப் போனதாகச் சொன்னேன். பீரோ ஷெட்டில் இல்லை.

மகள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும், அவள் சொல்ல மாட்டாள் என்று சொல்லிவிட்டாள். ஆகவே சொல்கிறேன். உங்கள் அப்பா வண்டியைப் பழைய இரும்பு என்று சொன்னது தப்பு. அது தப்பு என்று ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்தது அதைவிடத் தப்பு. அதைச் சரிசெய்யப் போய் அவருடைய தடத்தையே அழித்தது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. மன்னியுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் வந்து திட்டினால் நல்லது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

பேரனுக்கு என் அன்பு முத்தங்கள். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
வாயும் அடங்காத கையும் அடங்காத,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து அத்தை கூப்பிட்டாள். நான் மூன்று நாளாகக் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் விரல் அழுக்காகப் பதிந்திருந்ததாம், மாப்பிள்ளை வரும்போது இப்படியா இருப்பது என்று சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவியிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். சாவித் துவாரத்துக்குக் கீழே அரை வட்டம், ஒரு கீறல்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது. அத்தை தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலின் முதுகைப் படித்துக் காட்டினாள். இந்த மருந்து கீறலை எடுக்காதாம், நிரப்பி மறைக்குமாம், சோப்பு பட்டால் கரைந்துவிடுமாம். "நீங்க போட்டது பாலிஷ் இல்ல, மேக்கப்பு" என்றாள். அந்தப் பெண் கடையில் சொல்லிக்கொண்டிருந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆகவே மேலே கதவைப் பற்றி நான் அழுததை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இனி எதற்குக் கடிதம், கிழித்துப் போடுங்கள் என்கிறாள் அத்தை. கதவின் கீறல் திரும்பி வந்துவிட்டது, நான் ரோட்டில் சொன்ன சொல் திரும்பவில்லை, அதனால் அனுப்புகிறேன். பானட்டையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தோம், ஷூ பாலிஷ்தான் போயிற்று. பெயிண்டர் வந்து, அரை நாள் வேலை, தெரியாமல் செய்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சாம்பல் இடம் நான் போட்டது. அதை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பது உங்கள் விருப்பம்.