ஸ்டெல்லா அக்கா கடையில் இறக்காத நட்சத்திரம்

ஒரு வருஷம் முழுவதையும் ஒரே நாளாக வாழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் சுங்குவார்சத்திரத்தில், நான் தங்கியிருந்த லாட்ஜில், என் அறையிலேயே இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். லாட்ஜில் எல்லோருக்கும் அவர் ‘கன்டினியூட்டி’.

இந்தப் பத்திக்காகக் கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர் என்று பலரிடம் பேசியிருக்கிறேன். சினிமா என்றால் என்ன என்று கேட்டால் தவம் என்பார்கள், வேள்வி என்பார்கள். கன்டினியூட்டி மட்டும் நேராகச் சொன்னார்.

“நேத்து தொறந்திருந்த பட்டன் இன்னிக்கும் தொறந்துகீதான்னு பாக்கறதுபா.”

ஒரே காட்சியைப் பல நாள் துண்டு துண்டாக எடுப்பார்கள். திங்கட்கிழமை பாதி குடித்த டீ வியாழக்கிழமையும் அதே பாதியில் நிற்க வேண்டும். அதைக் குறித்துவைத்துக் காப்பாற்றுகிற உதவி இயக்குநர் அவர். நான் அப்போது ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். கீறல் விழுந்ததைத் தள்ளிவிடுவது என் தொழில். கீறலை அப்படியே வைத்திருப்பது அவர் தொழில்.

தொழிலை அவர் அறையிலும் விடவில்லை. பேச்சு பாதியில் நின்றால் என்னைச் சுற்றி வந்து நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்வார். மறுநாள் அதே சட்டையில், அதே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால்தான் மிச்சத்தைப் பேசுவார். ஒரு தடவை, வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதப் போகலாமா என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. மறுநாள் நான் விவரம் தெரியாமல் மீசையை எடுத்துவிட்டேன்.

“யாரக் கேட்டு மீசைய எடுத்த?”

“என் மீசைண்ணா.”

“நேத்து பேசிகினு இருந்தது பாதில நிக்கிது. மீச மொளைக்கட்டும், அப்பால பேசலாம்.”

அதனால் நான் இன்னும் மூன்று வாரம் அந்த வேலையில் இருந்தேன்.

அவர் சுங்குவார்சத்திரத்துக்கு வந்ததே ஒரு காட்சியின் பாதியைக் காப்பாற்றத்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்காவின் டீக்கடை. ஒரு டிசம்பர் மாதம், சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகி பெஞ்சில் உட்கார்ந்து, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்பாள். கதாநாயகன் டீ கிளாஸை எடுப்பான். அதோடு வெளிச்சம் போய்விட்டது. மீதி நாளைக்கு என்றார்கள். விடிந்ததும் தயாரிப்பாளரின் போன் அணைந்திருந்தது. இயக்குநர் இவரைக் கூப்பிட்டு, “பத்து நாள்ல வரோம், கடைய அப்படியே பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். இவருக்கு அதுதான் முதல் படம்.

பார்த்துக்கொண்டார். லாட்ஜ் வாடகைக்காக ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். எப்போதும் காலை ஷிஃப்ட்தான் கேட்டு வாங்குவார். ஓ.டி. பார்க்கச் சொன்னால், “நாலு மணிக்கு எனக்கு ஷூட்டிங் கீது சார்” என்பார். சூப்பர்வைசர் ரொம்ப நாள் இவரை நடிகர் என்றே நினைத்திருந்தார்.

நாலு மணிக்குக் கடையில் பரிசோதனை. மாதா படத்தைச் சுற்றிய சீரியல் பல்பில் மூன்றாவது எரியாது. எலக்ட்ரீஷியன் ஒருவர் நல்ல மனதோடு அதைச் சரிசெய்துவிட, இவர் மறுபடி கெடுத்துவைத்தார். காட்சியில் பெஞ்சுக்கடியில் ஒரு நாய்க்குட்டி தூங்கியது. அது எல்லா நாய்களையும் போல வளர ஆரம்பித்தது. அவருக்கு அது பச்சைத் துரோகமாகப் பட்டது. தினமும் அதை முறைத்துப் பார்ப்பார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டே வளர்ந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை நட்சத்திரம். எடுத்தது டிசம்பர் என்பதால் கடை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. அதை இறக்கக் கூடாது என்றுவிட்டார். பொங்கலுக்கும் தொங்கியது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று பங்குச் சாமியார் அந்த வழியாக வந்து நின்றார்.

“ஏம்மா ஸ்டெல்லா, ஆண்டவரைச் சிலுவையில அறையுற அன்னிக்கு எதுக்கும்மா ஸ்டார்?”

“நான் இன்னா பண்றது ஃபாதர், ஹீரோ இன்னும் டீ குடிக்கல.”

அக்காவுக்கும் கஷ்டம்தான். எதிரே பெண்கள் விடுதி வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்கள் தோசை கேட்டார்கள். தோசைக்கல் போட வேண்டுமானால் பெஞ்சை எடுக்க வேண்டும். பெஞ்சை எடுத்தால் கதாநாயகி எங்கே உட்காருவாள்? தன் கடை சினிமாவில் வரப்போகிறது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டதால் அக்காவும் பொறுத்தார். கடைசியில், “தை பொறந்தா பெஞ்ச எடுத்துடுவேன் தம்பி, அதுக்கு மேல என்னால முடியாது” என்றார்.

மறுபடி டிசம்பர் வந்தது. ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்கியது. நாலு மணி வெயில் போன வருஷம் விழுந்த இடத்திலேயே விழுந்தது. ஊரே கன்டினியூட்டிக்கு வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இயக்குநருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கடையில் அக்காவும் நானும் நிற்கும்போது இயக்குநர் எடுத்துவிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், எல்லாம் ரெடியா கீது சார். எப்ப வரீங்க?”

“எந்தப் படம்?” என்றார் இயக்குநர்.

“சீன் நாப்பத்திரெண்டு சார். டீக்கடை. அப்டியே வச்சிகினு கீறேன்.”

“அடப்பாவி, அது டிராப்பாகி எவ்வளவு நாளாச்சு! யாரும் சொல்லலையா? நீ இன்னும் அங்கயா இருக்க?”

“நீங்கதான சார் பத்து நாள்ல வரேன்னு சொன்னீங்க.”

போன் நின்றது. டீ கொதித்து அடுப்பில் வழிந்தது. அக்கா துடைக்கவில்லை.

“அத்த வுடு தம்பி,” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணு ஏதோ சொல்லணும்னு சொல்லிச்சே. இன்னாதான் சொல்ல இருந்துச்சு?”

“தெரியாதுக்கா. டைரக்டர் மறுநாள் காலைல எழுதித் தரேன்னாரு.”

“எழுதவே இல்லியா?”

அவர் கடையை நாலு பக்கமும் படம் எடுத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்குகிற மாதத்தில், அந்த ஒன்றை மட்டும் இறக்கினார். பெஞ்சையும் அவரேதான் நகர்த்திக் கொடுத்தார். புதுக் கல்லில் அக்கா முதல் தோசையை அவருக்கு ஊற்றினார்.

பொங்கலுக்கு முன்னால் அவருக்குச் சென்னையில் வேறு படம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். அது வரை கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

“எழுதாத ஒரு வசனத்துக்கா ஒரு வருஷம் காத்துக் கிடந்தீங்க? ஏண்ணா?”

“அது இன்னான்னா...” என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது. அவசர அவசரமாக என்னைச் சுற்றி வந்து நாலு படம் எடுத்தார். படியில் தொற்றிக்கொண்டு கத்தினார்.

“சட்டைய மாத்திடாத! வந்து சொல்றேன்!”

இன்னும் வரவில்லை. எனக்கு வயிறு பெருத்துவிட்டது, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை பத்துவதில்லை. பழந்துணிக்குப் போடலாம் என்று வீட்டில் இரண்டு முறை எடுத்தார்கள். பிடுங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இருந்தபடியே இடது கை மட்டும் இரண்டு மடிப்பு மடித்து அலமாரியில் தொங்குகிறது. மீசையையும் எடுக்கவில்லை.