இரும்புவாசல் கடந்த சாந்தாமணி

இறந்தவர் பெயரிலுள்ள பட்டாவை வாரிசின் பெயருக்கு மாற்றுவது மிக எளிய பணி என்று அந்தத் தாலுகா அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சுவருக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து சாந்தாமணி அதைப் பதினான்கு மாதங்களாகப் படித்துவந்தார். எழுதியிருந்ததில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. அந்த அலுவலகத்தில் அவர் பார்த்தவற்றுள் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

சாந்தாமணிக்கு ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூருக்கு வடக்கே மூன்று ஏக்கரில் வாழை வைத்திருந்தார். வைத்திருந்தது அவர், பட்டாவில் இருந்தது காலமான கணவர் தம்பிதுரை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் சொட்டுநீர்க் குழாய் போட்டால்தான் வாழை பிழைக்கும். குழாய்க்கு மானியம் வேண்டுமானால் பட்டாதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தம்பிதுரையால் அது ஆகாது என்பதைச் சாந்தாமணி இறப்புச் சான்றோடு மூன்று முறை விளக்கியிருந்தார்.

பட்டா வேலையைப் பார்த்த எழுத்தர் தனபால் நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"ஏனுங்க சார், இன்னிக்காவது ஆகுங்களா?"

"அம்மா, நீங்க குடுத்ததெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது."

"அப்பறம் என்னங்க?"

"சரியா இருக்குதுங்கறதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்லீங்களே."

சாந்தாமணி யோசித்துப் பார்த்தார். மறுத்துப் பேச இடமில்லாமல்தான் இருந்தது.

"இனிமே எல்லாம் ஆன்லைனுங்கம்மா," என்றார் தனபால். "சரவணம்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்குதுங்க. ரெண்டாவது மாடி. அங்க போயி ஏத்திப்போட்டு வந்துருங்க." ஒரு துண்டுச் சீட்டில் முகவரியும் எழுதிக்கொடுத்தார்.

அந்த கம்ப்யூட்டர் சென்டர் ஆறு மாதங்களுக்கு முன்பே காலிசெய்துகொண்டு போய்விட்டது. இத்தகவல் தனபாலுக்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

இப்போது அந்த இரண்டாவது மாடியில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. முதலாளி ஆதர்ஷுக்கு முப்பத்தொரு வயது. வாரத்தின் ஏழு நாளும் கறுப்பு டீ-ஷர்ட் போடுகிறவன். உலகத்திலேயே கடினமான கேமைச் செய்துவிட வேண்டும் என்பது அவன் லட்சியம். அந்தத் துறையில் அதுதான் அப்போதைய நாகரிகம். லேசாக ஜெயிக்க முடிகிற கேமைச் செய்தவனைக் கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்காரவைத்தார்கள். ஆதர்ஷ் மூன்று வருடம் பாடுபட்டு 'இரும்புவாசல்' என்ற கேமைச் செய்திருந்தான். அதில் ஒரு கோட்டை வாசல். வாசலில் கதாயுதத்தோடு ஒரு காவலன். அவனைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேம் எங்கேயும் சொல்லாது. சொல்வது ஆட்டக்காரரை அவமதிப்பதாகும் என்பது ஆதர்ஷின் கொள்கை.

முதன்முறை ஆட வந்தவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் இருந்துவிட்டுப் போனார்கள். போனவர்களில் ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. இதை ஆராய்வதற்கென்று நியமிக்கப்பட்டவள் யுஸ்ரா. 'புதுமுக ஆட்டக்காரர் அனுபவ மேம்பாட்டு முதுநிலை ஒருங்கிணைப்பாளர்' என்பது அவள் பதவி. அடையாள அட்டையின் முன்பக்கத்தில் கொள்ளாமல் அது பின்பக்கத்துக்கும் தொடர்ந்தது. கேம் என்ற வார்த்தையையே கேள்விப்படாத ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்பி, அப்படி ஒருவரை அனுப்பச்சொல்லி ஏஜென்ட் ஒருவரிடம் அவள் கேட்டிருந்தாள். அந்த ஆள் வர வேண்டிய நாளில், காலை பத்து மணிக்குக் கட்டைப்பையும் கையுமாகச் சாந்தாமணி வந்து நின்றார்.

"உங்களை அனுப்பிச்சாங்களாம்மா?"

"ஆமாங்க அம்மணி. இங்கதான் போகோணும்னு சொல்லி அனுப்பிச்சுப்போட்டாங்க."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"ரொம்ப நல்லதுங்கம்மா! நீங்கதான் எங்களுக்கு வேணும்."

சாந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் தெரியாது என்று சொன்னதற்கு ஓர் ஆபீசில் இப்படி வரவேற்பு கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஏசி அறையில் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். திரையில் இருட்டு. அதற்கு நடுவே ஈட்டியோடு ஒரு வீரன்.

"இது யாருங்க கண்ணு?"

"அது நீங்கதானுங்கம்மா. பேரு போட்டுக்கலாம். என்ன பேருங்க?"

"த. சாந்தாமணி. 'சா'வுக்குக் காலு, 'தா'வுக்கும் காலு. ஒருக்கா பாத்துக்குங்க. போன தடவ ஒரு காலை உட்டுப்போட்டாங்க, அதைத் திருத்த நாலு மாசம் ஆச்சு."

யுஸ்ரா இரண்டு கால்களையும் காட்டினாள். சாந்தாமணி திருப்தியோடு பொத்தானை அழுத்தினார். வீரன் வாசலுக்குப் போனான். காவலன் கதாயுதத்தால் ஒரே அடி அடித்தான். நான்கு வினாடியில் எல்லாம் முடிந்தது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது: மீண்டும் முயல்க.

"என்ன தப்புங்க?"

"அதை அது சொல்லாதுங்கம்மா. நாமளேதான் கண்டுபிடிக்கோணும்."

"செரிங்க," என்று சாந்தாமணி மறுபடி பொத்தானை அழுத்தினார்.

யுஸ்ரா தன் குறிப்பேட்டில் எழுதினாள்: 'கோபப்படவில்லை.' இதுவரை சோதித்த ஆட்களில் ஒருவர் கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்திருந்தார். இனியா என்ற கல்லூரி மாணவி அழுதுகொண்டே லிஃப்டுக்குப் போனாள். இந்த அம்மாவோ இருபது முறை செத்து, இருபது முறையும் 'செரிங்க' என்றார்.

மதியத்துக்குள் ஒரு சாவியைக் கண்டெடுத்தார். எடுத்த கையோடு செத்தும் போனார்.

"அய்யோ, சாவி போச்சுங்களா?"

"செத்த எடத்துலயேதான் கெடக்குங்கம்மா. திரும்பப் போயி எடுத்துக்கலாம்."

"நெசமாலுமா?" சாந்தாமணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "போட்டது போட்ட எடத்துலயே இருக்குதுங்களா? யாரும் காணாமப் போக்க மாட்டாங்களா? மறுக்கா ஜெராக்ஸ் எடுக்க வேண்டாமா?"

"வேண்டாங்கம்மா."

"நல்ல ஆபீசுங்க இது," என்றார் சாந்தாமணி.

சாயங்காலம் ஆதர்ஷ் வந்து பார்த்தான். தொண்ணூற்றொரு மரணம், ஒரு புகாரும் இல்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் மூன்று வருடமாகத் தேடிய ரசிகர் இவர்தான் என்று தோன்றியது.

"கஷ்டமா இருக்குதுங்களாம்மா?"

"கஷ்டமுங்களா? உக்கார நாற்காலி குடுத்திருக்கறீங்க, ஃபேனுக்குப் பதுலா ஏசியே ஓடுது. அந்தாளு அடிச்சாலும் ஒடனே அடிச்சுப்போடறாரு. இன்னிக்கு போயிட்டு அடுத்த வாரம் வந்து அடி வாங்கிக்கன்னு சொல்றதில்லீங்களே."

ஆதர்ஷ் இதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டான்.

சாந்தாமணி நான்கு நாள் வந்தார். சரியாகப் பத்து மணிக்கு வருவார், தூக்குப்போசியில் தயிர்ச்சோறு. கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வீரன் குனிந்து வணக்கம் சொல்வான். அழகுக்காக வைத்த பொத்தான் அது. யாரும் தொட்டதில்லை. சாந்தாமணி ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் போனதும் முதலில் அதைத்தான் அழுத்தினார். வணக்கம் சொல்லாமல் ஓர் அலுவலரின் முன்னால் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்கும் அடி விழுந்தது. அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள், இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்த பிறகு, சண்டையை விட்டுவிட்டார். தூண் மறைவில் வீரனை நிறுத்திவைத்துக் காவலனையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். யுஸ்ராவுக்குக் கொட்டாவி வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் காவலன் கதாயுதத்தைச் சாய்த்துவைத்துவிட்டுக் கோட்டையின் பின்பக்கம் நடந்து போனான்.

ஆதர்ஷ் எழுந்து நின்றான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனே எழுதி மறந்துபோன நிரல் அது. நாற்பது நிமிடம் அங்கே நின்றவர் எவருமில்லாததால் அப்படியொன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

"எங்கம்மா போறான் அவன்?" என்றாள் யுஸ்ரா.

"டீக்குத்தானுங்க," என்று சொல்லிக்கொண்டே சாந்தாமணி வாசலைக் கடந்தார்.

எக்காளம் முழங்கியது. திரை பொன்னிறமானது. அறையிலிருந்த எல்லாரும் கைதட்டினார்கள். சாந்தாமணி கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்பப் பட்டா எப்பங்க வரும்?"

கைதட்டல் நின்றது. யுஸ்ரா விசாரித்தாள். விவரம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. இது பட்டா ஆபீஸ் இல்லீங்க. இது... இது சும்மா வெளையாட்டுங்கம்மா."

நான்கு நாள். வாழைக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை. சாந்தாமணி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்தபோது பதினான்கு மாதப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

"அங்க மட்டும் வேற என்னங்க கண்ணு நடக்குது? பரவாயில்ல. முடிச்சதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. வட்டமா ஒரு சீலு வெச்சுக் குடுங்க."

ஆதர்ஷ் மறுக்கவில்லை. 'த. சாந்தாமணி என்பார் இரும்புவாசலை முறைப்படி கடந்துள்ளார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று அச்சடித்தான். கம்பெனியின் யாளி முத்திரையைக் குத்தினான். கைக்குக் கிடைத்த பேனா பச்சை மை. அதிலேயே கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் தனபால் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். முத்திரை வட்டமாக இருந்தது. அதில் ஒரு மிருகம் இருந்தது. மை பச்சையாக இருந்தது. அவர் தம்மையறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இதை முன்னாடியே குடுத்திருக்கலாமேம்மா!"

பதினோராம் நாள் சாந்தாமணி பெயரில் பட்டா வந்தது. இரண்டு கால்களும் சரியாக இருந்தன. சொட்டுநீர்க் குழாயும் வந்து, வாழையும் தலை நிமிர்ந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமி தன் பட்டாவுக்குப் போனார். தனபால் காகிதங்களை எண்ணிப் பார்த்தார்.

"இரும்புவாசல் சான்று எங்கீங்க?"

"அப்படின்னா என்னங்க?"

"சாந்தாமணியம்மா வெச்சிருந்தாங்களே. ஒருத்தர்கிட்ட வாங்கிப்போட்டு இன்னொருத்தர்கிட்ட வாங்கலீன்னா ஆடிட்டுல கேப்பாங்கொ."

நியாயம்தான். மாதக் கடைசிக்குள் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது ஒன்பதாவது இனமாக ஏறியது. பக்கத்துத் தாலுகாக்காரர்கள் தாங்கள் பின்தங்கிவிடக் கூடாது என்று பத்தாவது இனமாக ஏற்றினார்கள். சரவணம்பட்டியில் இரண்டாவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகத் தெருமுனைவரை வரிசை நின்றது. ஒன்பது நிமிடத்தில் ஓடிப்போக இப்போது ஒருவராலும் முடியவில்லை. ஆதர்ஷ் கருத்தரங்கங்களில் பேசினான்: "எங்களுடைய புதுமுக ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு நூறு பேர் திரும்பி வருகிறார்கள். கடினத்தை மக்கள் நேசிக்கிறார்கள்." புள்ளிவிவரம் உண்மையாக இருந்ததால் எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஊரில் கடினம் பரவியது. ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாகத் திறந்த காபிக்கடை ஒன்று கதவு எங்கே இருக்கிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டது. அங்கே இடம் கிடைப்பது அரிதாயிற்று.

யுஸ்ராவால் மட்டும் தூங்க முடியவில்லை. கண்புரை உள்ளவர்கள், விரல் மடங்காதவர்கள், ஈரக் கையோடு வயலிலிருந்து நேரே வந்தவர்கள் எல்லாரும் நாள் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தார்கள். கேமில் 'எளிய நிலை' ஒன்று வைக்க வேண்டும் என்று அவள் ஆதர்ஷிடம் மன்றாடினாள். அவன் ஜனநாயகவாதி. ஏற்கெனவே கடந்தவர்களையே கேட்டுவிடலாம் என்று கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டான். நூற்று எழுபது பேர் வந்தார்கள்.

முதலில் லட்சுமணசாமி எழுந்தார். "முந்நூத்தி நாப்பது தடவ செத்து வாங்குன சான்றுங்க. கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணி ஊட்டுல மாட்டியிருக்கறன். இனிமே போறவன் வாரவனுக்கெல்லாம் சுளுவாக் குடுத்தா அதுக்கு என்ன மதிப்புங்க?"

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். தட்டியவர்களில் விரல் மடங்காதவர்களும் இருந்தார்கள்.

யுஸ்ரா கடைசி நம்பிக்கையாகச் சாந்தாமணியிடம் வந்தாள். "அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. நீங்கதான் மொதல் ஆளு."

மொதல் ஆளு. அந்தச் சொல் சாந்தாமணியின் காதில் இனித்தது. ஊரில் இப்போது அவரைக் கல்யாணங்களுக்கு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வாழ்நாளில் அவர் முதலாவதாக வந்த காரியம் அது ஒன்றுதான். யுஸ்ராவின் முகத்தைப் பார்க்காமல் அவர் எழுந்து நின்றார்.

"இருக்கறது இருந்துட்டுப் போவுட்டுங்க," என்றார். "எரநூத்திப் பன்னெண்டு தடவ நான் சும்மாவுங்களா செத்தேன்?"

தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது.

கூட்டம் கலைந்து சாந்தாமணி படியிறங்கப் போனபோது, திரை அறையிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். உக்கடத்திலிருந்து ஒரு வாரமாக வந்துகொண்டிருந்த சாஜிதா பேகம். அறுபது வயது தாண்டியவர். வீட்டுப் பட்டா மாமனார் பெயரிலேயே நின்றுவிட்டது. கை நடுக்கத்தால் கன்ட்ரோலர் நழுவி நழுவி விழுந்ததில் விரல் கன்றியிருந்தது.

"ஏனுங்க அக்கா, நீங்கதான அந்தச் சாந்தாமணி அக்கா?" சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காவக்காரன் எப்பவாச்சும் அந்த வாசலை உட்டு நகருவானுங்களா? உங்களுக்குத் தெரியுமாம், எல்லாரும் சொல்றாங்க."

சாந்தாமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். மனம் நிறைய இரக்கம் இருந்தது. குரலிலும் மரியாதை குறையவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களேம்மா," என்றார். "நாளைக்கு வந்து பாருங்க."