ஒரு தட்டு தாமதம்

சோலோ நகரில், வெண்கல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கமெலான் இசையை எழுதவும் வாசித்துக் காட்டவும் 'நாடா பெபாஸ்', அதாவது 'சுதந்திர சுரம்', என்றொரு மென்பொருள் இருந்தது. விலை கிடையாது. உள்ளே இருக்கும் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியதை ஒரு குழு ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வூர்யானி நிரல் எழுதிப் பிழைப்பவள். சனிக்கிழமைகளில் கமெலான் வாசிப்பவள். பாட்டு முடிகிற தாளத்தட்டில் விழவேண்டிய கோங் என்ற பெரிய சேகண்டியின் ஓசை, இந்த மென்பொருளில் ஒரு தட்டு தள்ளி விழுவதைக் கண்டாள். ஒரே வரிப் பிழை. திருத்தி அனுப்பினாள். "தங்கள் மேலான பங்களிப்பு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஏழு மாதம் அது பரிசீலனையிலேயே இருந்தது. அதற்குள் மென்பொருளின் சின்னம் நான்கு முறை மாறியது. செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் ஒன்றும் முளைத்தது. அழுத்தினால் 'விரைவில்' என்று காட்டியது.

பொறுக்கமாட்டாமல், குழுத் தலைவரான பண்பாட்டு அதிகாரி சூர்யாத்மோவை நேரில் பார்த்தாள்.

"பாக்," என்று ஊர் வழக்கப்படி மரியாதையாக அழைத்தாள். "கோங் தப்பா விழுது."

"யாருக்குத் தப்பு?"

"கேக்குற எல்லாருக்கும்."

"பதினோராயிரம் பேர் பயன்படுத்துறாங்க. புகார் சொன்னது நீங்க ஒருத்தர். மத்தவங்களுக்குச் சரியாத்தானே விழுது?"

"அவங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க. இதை வெச்சுத்தான் கத்துக்கிறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க ஒரு வரியைத் திருத்தினா, அத்தனை பிள்ளைங்களும் ஒரே நாள்ல தப்பாயிடுவாங்க. அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

குழு கூடியது. 'பிழை' என்ற சொல்லை நீக்கி, 'புதிய பாணி' என்று சேர்க்க ஏகமனதாகத் தீர்மானித்தது. மென்பொருளோடு ஒத்துப்போகாத கலைஞர்களுக்கு மூன்று நாள் பயிற்சியும் அறிவித்தது. வூர்யானியின் சனிக்கிழமை வாசிப்புக் குழுவில் முப்பது வருடமாகக் கோங் அடித்துவந்த ங்காடிமானும் பயிற்சிக்குப் போனார். சோற்றுப் பொட்டலமும் சான்றிதழுமாகத் திரும்பினார். சில மாதங்களில் கல்யாண வீடுகளிலும் வானொலியிலும் கோங் தள்ளியே விழுந்தது.

வூர்யானிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நிரலை அப்படியே பிரதி எடுத்தாள், அதற்குத் தடையில்லை. அந்த வரியைத் திருத்தித் தனி மென்பொருளாக வெளியிட்டாள். "குழு இல்லை, விண்ணப்பம் இல்லை. புகார்கள் அன்றே தீர்க்கப்படும்" என்று எழுதிவைத்தாள். ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

முதல் புகாரோடு ங்காடிமானே வீட்டுக்கு வந்தார்.

"உன்னோடதுல கோங் ஒரு தட்டு முந்திக்குதும்மா."

"பாக், அதான் சரி. முப்பது வருஷமா நீங்க அடிச்ச இடமே அதுதான்."

"அப்ப எனக்குப் பயிற்சி இல்லையே."

நிரூபித்துக் காட்ட வூர்யானி பாட்டை ஓடவிட்டாள். மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசித் தட்டில் கோங் விழுந்தது. கோங்குக்காக ஓங்கிய அவள் விரல் அதற்கு அடுத்த தட்டில்தான் விழுந்தது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் அப்படியே.

"பாத்தியா," என்றார் ங்காடிமான், வருத்தமாக.

புகார் அன்றே தீர்க்கப்பட்டது.