இரண்டு மாதக் கேரட்டும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்லிவிட்டால், அதை அளவோடு சாப்பிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது இந்தக் குணத்தால்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. விழுப்புரத்தில் ஒரு விதைக்கடையில் வேலை. முகத்தில் கனத்த கண்ணாடி. (அதைக் கழற்றினால் எதிரில் வருவது பஸ்ஸா, வைக்கோல் வண்டியா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வேன்.) பார்க்கப் போன இரண்டு பெண் வீட்டிலும் "பையன் சோடாபுட்டியா?" என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். மூன்றாவதாகத் திண்டிவனத்திலிருந்து தேன்மொழியின் ஜாதகம் வந்தது. கிராம சுகாதார நர்ஸ். போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் கண்ணாடியால் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துபோனேன்.

போனில் ஒரு வீடியோ, கண்ணுக்கு வைட்டமின் ஏ நல்லது, அது கேரட்டில் இருக்கிறது என்றது. போதாதா? காலையில் கேரட் ஜூஸ், மதியம் கேரட் பொரியல், ராத்திரி பச்சையாகவே கடித்துத் தின்றேன். நடுநடுவே பப்பாளி. இப்படி இரண்டு மாதம். "குதிரகூட இவ்ளோ தின்னாதுடா" என்றார் அம்மா. பார்வை இருந்த இடத்திலேயே இருந்தது. நானோ "தெளிஞ்சிக்கினு வருதும்மா" என்று சாதித்தேன்.

அந்த நாளும் வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்தபடி அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். (பாசமான பிள்ளை என்று நினைத்தார்களாம்.) கூடத்து மூலையில் பச்சைப் பட்டு கட்டி, தலையில் பூ வைத்து, அடக்கமாக ஒருத்தி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. வெட்கத்தோடு சிரித்தேன். லேசாகத் தலையையும் ஆட்டினேன்.

அம்மா காதைக் கடித்தார். "டேய், ஏன்டா ஃபிரிட்ஜப் பாத்து இளிச்சிக்கினு இருக்க?"

பச்சை உறை போட்டு, மேலே பிளாஸ்டிக் பூச்சாடி வைத்த ஃபிரிட்ஜ் அது.

நிஜமான தேன்மொழி பிறகுதான் வந்தாள். காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய்மாமா, என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னா மாப்ள, கை இப்படி மஞ்சளா இருக்கு? காமாலைய வச்சிக்கினா பொண்ணு பாக்க வந்தீங்க?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ கீழாநெல்லி பறிக்கக் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். மூன்றாவது சம்பந்தமும் போச்சு என்று நினைத்தேன்.

"இருங்க மாமா" என்றாள் தேன்மொழி. நேராக என்னிடம் வந்து, "மேல பாருங்க" என்று சொல்லிக் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். (பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைத்தான் பார்த்தார்கள்.)

"கண்ணு வெள்ளையாதான் இருக்கு. காமாலன்னா கண்ணும் மஞ்சளாகும். கேரட்டு எவ்ளோ சாப்புடுறீங்க?"

"ஒரு நாளைக்கு… ஒரு கிலோ."

"எதுக்குங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். "இத கழட்டத்தான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வைட்டமின் ஏ கொறஞ்சா மாலக்கண்ணு வரும், நோய் ஜல்தியா தொத்தும். அதுக்குத்தான் கொழந்தைங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருதபா மருந்து குடுக்குறோம். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடிதாங்க. கேரட்டக் கொறைங்க, கை தானா சரியாயிடும்."

பிறகு தன் அப்பாவிடம் திரும்பிச் சொன்னாள். "கண்ணாடி போட்டா நல்லாத்தாம்பா இருக்காரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மாமனார் புது ஃபிரிட்ஜ் வாங்கினார். பழையதைப் பச்சை உறையோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்றைக்கும் "மோர் எங்க?" என்று கேட்டால், "உங்க மூத்த சம்சாரத்தக் கேளுங்க" என்கிறாள் தேன்மொழி. எங்கள் நாலு வயது மகள் அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.