பதினெட்டு வீட்டு ஆய்வு

பதினெட்டு படிவங்களும் திரும்பி வந்துவிட்டன. பதினெட்டிலும் ஒரே பதில்: பாதிக்குப் பாதி.

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 'உங்கள் வீட்டில் வீட்டு வேலையை யார் செய்கிறார்கள்?' என்பதுதான் கேள்வி. தன் வீடு நீங்கலாகக் கட்டடத்தின் மற்ற பதினெட்டு வீடுகளிலும் கேட்டிருந்தார். எல்லோரும் தராசில் நிறுத்த மாதிரி வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்றால், அந்தக் கட்டடத்துக்கே கோயில் கட்டிக் கும்பிடலாம்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போன மறுவாரமே, ஐம்பத்தொரு வயதில் மாலைக் கல்லூரியில் சமூகவியல் சேர்ந்தவர் அவர். வகுப்பில் மூத்தவர், பேராசிரியைக்கே இவரைவிடப் பத்து வயது குறைவு. எங்க வீட்டுக்காரர் ஆராய்ச்சி பண்றார் என்று மனைவி எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெருமையைக் காப்பாற்றும் பொறுப்பு வேறு அவர் தலையில்.

பேராசிரியை படிவங்களைப் புரட்டினார்.

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சோபால உக்காந்து நிரப்பினா அது ஆராய்ச்சி இல்ல சார், கல்யாண போட்டோ. தனித்தனியா கேளுங்க."

தனித்தனியாகக் கேட்டார். ஏழாம் வீட்டுக்காரர், தினமும் பாத்திரம் கழுவுவது தான்தான் என்றார். அவர் மனைவியும் தான்தான் என்றாள். இரண்டும் உண்மையென்றால் அந்தப் பாத்திரங்கள் இந்நேரம் தேய்ந்தே காணாமல் போயிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, நேற்றுச் சொன்னது தப்பு, இன்னொரு தடவை வந்து கேளுங்கள் என்று ஆறு வீட்டுப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள். போய்க் கேட்டார். மூன்றாவதாக வேறு ஒன்றைச் சொன்னார்கள்.

ஞாபகத்தை நம்பக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு சமையலறைக் கதவிலும் கட்டம் போட்ட தாள் ஒட்டினார். வேலையைச் செய்பவர் அப்போதே குறிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், காலியாகக் கிடந்த தங்கள் பத்தியைப் பார்க்கப் பொறுக்காமல் ஆண்கள் வெங்காயம் உரித்து உரித்துக் குறித்திருந்தார்கள். பெண்கள் பத்தி வெறிச்சோடிக் கிடந்தது. பேனா எழுதவில்லையாம்.

நேரில் பார்த்துவிடுங்கள் என்றார் பேராசிரியை. ஞாயிறுதோறும் நோட்டுப் புத்தகத்தோடு சமையலறை மூலைகளில் முக்காலி போட்டு உட்கார்ந்தார் தையல்காரர். ஒன்பதாம் வீட்டு பஸ் டிரைவர் பெருக்கிய தரையையே மூன்று முறை பெருக்கினார். நான்காம் வீட்டு வங்கி அதிகாரி மீசையை முறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார். துடைப்பம் எங்கே இருக்கும் என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டது நோட்டில் பதிவாயிற்று.

ஆய்வைச் சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது. பக்கத்து பெஞ்சு மாணவன், தோராயமாக எண்களைப் போட்டு நிரப்புங்கள், யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று யோசனை சொன்னான்.

"அளவெடுக்காம துணில கத்திரி வெச்சதில்ல தம்பி. இதுலயும் வெக்க மாட்டேன்," என்றார்.

நான்கு முறையும் எப்படித் தோற்றேன் என்று உள்ளது உள்ளபடி எழுதினார். பார்க்க ஒருவன் வந்து உட்கார்ந்தாலே பார்க்கப்படுகிறவர்கள் மாறிவிடுகிறார்கள் என்று முடித்தார். பேராசிரியை அதை வகுப்பில் முழுக்கப் படித்துக் காட்டினார். தன் தவறையும் சேர்த்து எண்ணியவர் இந்த வகுப்பில் இவர் ஒருவர்தான் என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வீடாக நன்றி சொல்லக் கிளம்பினார். மூன்றாம் மாடி நர்ஸிடம், ஆய்வு முடிந்துவிட்டது, இனித் தொந்தரவு தரமாட்டேன் என்றார்.

நர்ஸ் முகம் வாடிவிட்டது. "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"நல்ல மார்க் வந்திருக்கும்மா. எல்லாம் உங்க ஒத்துழைப்புதான்."

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க எங்கண்ணா ஒத்துழைச்சோம்? நீங்க முதல் படிவம் குடுத்த அன்னிக்கே இவர் என்னிக்கும் இல்லாம தன் தட்டைத் தானே கழுவினார். அதான் பதினெட்டு வீட்டுப் பொம்பளைங்களும் பேசி வெச்சுக்கிட்டு ஒரு தடவைகூட ஒழுங்கா பதில் சொல்லல. யோசனை சொன்னதே அண்ணிதான். 'சரியா வர்ற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் விடமாட்டார், எத்தனை தடவைன்னாலும் வருவார்'னு உங்களைப் பத்தி அவங்களுக்கு அவ்வளவு பெருமை."